கையெழுத்துப் போடும் முன்: தொழில் அறம், உங்கள் கேள்விகள்

கட்டுமானத் தரச் சோதனையில் 22 வருடம் இருந்தவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சோதனையில் கான்கிரீட் வலிமை கொஞ்சம் குறைவாக வந்தது. 'ரிப்போர்ட்டில் சரி பண்ணிடு' என்கிறார் மேலாளர். நான் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

மாற்றாதீர்கள். வந்த எண்ணை அப்படியே எழுதி, எவ்வளவு குறைகிறது என்று கீழே குறிப்பிடுங்கள். அதை ஏற்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் வடிவமைப்பாளர். சில சமயம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவரே பரவாயில்லை என்பார், ஆனால் தெரிந்து சொல்ல வேண்டும் இல்லையா, நீங்கள் எண்ணை மாற்றினால் அவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. அப்புறம், மேலாளர் வாயால் சொன்னதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பல மேலாளர்கள் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒப்பந்ததாரர் பரிசு கொடுத்தால்?

அவர் வேலையைச் சோதிப்பவர் நீங்கள் என்றால் வேண்டாம்.

கேள்வி: எச்சரித்தாயிற்று, மேலே யாரும் கேட்கவில்லை. என் கடமை முடிந்ததா?

இல்லை. 1986 ஜனவரி 27 இரவு நடந்ததைப் பாருங்கள். சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைச் செய்த தியோகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் இணைப்பு ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். பாதுகாப்பானது என்று நிரூபிக்கச் சொல்ல வேண்டிய இடத்தில், ஆபத்து என்று நிரூபி என நாசா அதிகாரிகளும் தியோகோல் மேலாளர்களும் கேட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். தியோகோலின் மூத்த பொறியாளர் ஆலன் மெக்டொனால்ட், ஏவலாம் என்ற ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார், அவருக்கு மேலே இருந்தவர் போட்டார். மறுநாள் கிளம்பிய 73 நொடியில் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். தடுக்க முடியாமல் போனாலும் உங்கள் பெயரில் ஒப்புதல் போகக் கூடாது, எச்சரித்தது எழுத்தில் இருக்க வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் நிறுவனத்துக்கு வெளியே உள்ள கண்காணிப்பு அமைப்பு வரை போக வேண்டும்.

கேள்வி: தப்பு என்னுடையது, யாருக்கும் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம், இன்றே சொல்லுங்கள். நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் வங்கிக் கட்டடத்தின் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர், மூலைவாக்கில் அடிக்கும் பலத்த காற்றை அதன் இணைப்புகள் தாங்காது என்று 1978இல், கட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தார். தானே போய் உரிமையாளரிடம் சொன்னார். இரவு இரவாக எஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்து சரிப்படுத்தினார்கள். அந்தத் துணிச்சலுக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அக்கம்பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்த மக்களுக்கு விஷயம் 1995 வரை தெரியாது, அதை என்னால் ஏற்க முடியவில்லை.