கன்வென்ஷன், பட்டறை, சொந்தப் பதிப்பு என்று ஓடும் ஃபேன்டஸி எழுத்தாளருக்கு எழுத நேரம் எப்போது?

கேட்டவர் கோவையில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் ஃபேன்டஸி எழுதுகிறவர். முதல் நாவலைத் தானே வெளியிடப் போகிறாராம். அமெரிக்க எழுத்தாளர்களின் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இந்த வாரம் ஒரு கன்வென்ஷன், அடுத்த வாரம் ஒரு பட்டறை, நடுவில் புதுப் புத்தகம் என்றே வருகிறது. இப்படி ஓடாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாதா என்பது கேள்வி.

நிற்கலாம். அந்த ஓட்டத்தில் பாதிக்கு மேல் வருமானத்துக்காக ஓடுவதே இல்லை, ஆள் பழக்கத்துக்காக ஓடுவது. நான் அட்லாண்டா பக்கம் இருக்கிறேன். நாகங்களும் சாபங்களும் வருகிற ஒரு சீரிஸை ஆங்கிலத்தில் எழுதி என் கைக்காசில் வெளியிட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கணக்கோடு சொல்லலாம்.

கன்வென்ஷன் என்றதும் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிற புத்தகக் காட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வருகிறவர் புத்தகம் வாங்கத்தான் வருகிறார். எங்கள் ஊர் டிராகன் கானுக்கு ('கான்' என்பது கன்வென்ஷனின் சுருக்கம்) வருகிறவர் பிடித்த கதாபாத்திரமாக வேஷம் கட்டிக்கொண்டு வருகிறார். 1987ல் ஆரம்பித்தது. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதியில் டவுன்டவுனில் அடுத்தடுத்து இருக்கிற பெரிய ஹோட்டல்களில் நடக்கும், 65,000, 70,000 பேர் என்று கூட்டம் சேரும். சனிக்கிழமை காலை பீச்ட்ரீ தெருவில் ஊர்வலம். பத்து மணிக்கு ஒரு பேனல் (மேடைக் கலந்துரையாடல்), அடுத்தது வேறு ஹோட்டலில் என்றால், நடுவில் இருக்கிற பாலத்தில் கவசம் போட்ட வீரர்களோடு முட்டி மோதித்தான் போகவேண்டும். இத்தனை பேரில் உங்களைப் போல, என்னைப் போல ஆட்களின் புத்தகத்தைத் தேடி வருகிறவர் யாரும் இல்லை. நடிகர்களிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பவர் நீங்கள் புத்தகம் விற்கப் போட்ட மேஜையைக் கடந்து போவார், அவ்வளவுதான்.

இன்னொரு வகை, ரசிகர்களே கூடி நடத்துவது. அதில் பெரியது வேர்ல்ட்கான். 1939ல் நியூயார்க்கில் தொடங்கி, உலகப்போர் காலம் போக வருஷா வருஷம் ஊர் மாறி நடக்கிறது. அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் பெரிய விருதான ஹ்யூகோவை அங்கேதான் தருகிறார்கள். நடத்துகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. மேடையில் பேசுகிறவர்களும் பொதுவாக உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் உள்ளே போகவேண்டும், கடைசியில் பணம் மிஞ்சினால் திருப்பித் தருவார்கள். அம்மா மதுரையிலிருந்து ஒரு நாள் போனில், "அத்தனை பேரு முன்னாடி பேசுறியே, எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டார். "பேட்ஜுக்கு நாமதாம்மா காசு கட்டணும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

மேஜைக் கணக்கு இப்படி. 350 பக்க நாவலை அமேசான் கேடிபியில் (நம் புத்தகத்தை நாமே வெளியிடுகிற சேவை) ஆசிரியர் பிரதியாக எடுத்தால் அச்சுக்கு 5 டாலர் சொச்சம், அனுப்பும் செலவு தனி. மேஜையில் 18 டாலருக்கு விற்றால் கார்டு கமிஷன், விற்பனை வரி எல்லாம் போக 11, 12 டாலர் கையில் நிற்கும். சின்ன ஊர் கானில் வார இறுதி முழுக்க 30 பிரதி போனாலே பக்கத்து மேஜைக்காரர் பொறாமைப்படுவார். அதாவது 350 டாலர் சுமார். ஹோட்டல் அறைக்கு இரண்டு ராத்திரி வாடகை கொடுத்தாலே அது தீர்ந்துவிடும். மேஜை வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். வேறு மாநிலம் போனால் அங்கே தற்காலிக விற்பனை வரிப் பதிவு வேறு.

போன தடவை முதுகில் பெரிய இறக்கை கட்டிய பையன் ஒருவன் வந்தான். பக்கத்து மேஜையின் மெழுகுவர்த்திகளில் இறக்கை படாமல் இருக்க உடம்பைத் திருப்பித் திருப்பி, ஒரு வழியாக என் முன்னால் வந்து நின்றான். அட்டையைப் பார்த்தான். பின்னட்டையை முழுசாகப் படித்தான். முதல் பக்கத்தில் இருந்த வரைபடத்தில் ஆறு எங்கே கடலில் சேருகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தான். (ஃபேன்டஸி வாசகர்கள் வரைபடத்தில் தப்பு கண்டுபிடிப்பதில் கில்லாடிகள்.) பிறகு, "கிண்டில் அன்லிமிட்டெடில் இருக்கிறதா?" (மாசச் சந்தாவுக்கு மின்னூல் படிக்கிற அமேசான் திட்டம் அது.) இருக்கிறது என்றேன். அங்கேயே போனில் இறக்கிக்கொண்டான், மேஜையில் கிடந்த ஓசி புக்மார்க்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேஜையில் ஒரு சென்ட் விழவில்லை.

ஆனால் என் தொழிலே அந்தப் பையன்தான். கிண்டில் அன்லிமிட்டெடில் படிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் காசு, ஒரு பக்கத்துக்கு அரை சென்ட்டுக்கும் கீழே. 400 பக்கம் என்றால் 2 டாலருக்குள். அவன் முதல் பாகத்தை முடித்து, இரண்டு, மூன்று என்று போனால்தான் அது வருமானம். அதனால்தான் இந்தத் துறையில் எல்லோரும் சீரிஸ் சீரிஸ் என்று உயிரை விடுகிறோம். ஒற்றை நாவல் வைத்துக்கொண்டு விளம்பரத்துக்குச் செலவழித்தால் அந்தப் பணம் திரும்பி வராது. மூன்றாவது பாகம் வந்த பிறகுதான் முதல் பாகத்துக்குக் கொடுக்கிற விளம்பரமே கட்டுபடியாகிறது.

அப்படியானால் எதற்குப் போகிறோம்? ராத்திரிக்காக. பேனல்கள் முடிந்ததும் எல்லோரும் ஹோட்டல் பாரில் கூடுவார்கள். நான் இஞ்சி சோடாவோடு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். எந்த ஓவியர் நேரத்துக்குத் தருவார், எந்த எடிட்டர் சண்டைக்காட்சியை வெட்டாமல் சீர்படுத்துவார், எந்தப் பதிப்பகம் ஆறு மாசமாக ராயல்டி அனுப்பவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும், வேறு எங்கேயும் எழுத மாட்டார்கள். என் அட்டை ஓவியரும் அப்படிக் கிடைத்தவர்தான். பேட்ஜுக்குக் கீழே ஒட்டிக்கொள்கிற சின்ன ரிப்பன் அச்சடித்து எடுத்துப் போங்கள். "நாகத்தை எழுப்பாதே" என்று நான் ஒன்று அடித்தேன். விசிட்டிங் கார்டைக் குப்பையில் போடுகிற ஜனங்கள், ரிப்பனை மட்டும் முழங்கால் வரை சங்கிலியாகத் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

கான் போகிறவர்களிடையே 5-2-1 என்று ஒரு விதி உண்டு: தினம் ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். கடைசி விதியை எழுதி வைக்கவேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று லிஃப்டில் ஏறினால் புரியும். திரும்பி வந்ததும் 'கான் க்ரட்' என்கிற சளி, இருமல், காய்ச்சல். அதில் ஒரு வாரம் எழுத்து படுத்துவிடும். நாட்காட்டியில் கானை மூன்று நாளாகக் குறிக்காதீர்கள், போகிற முன்வாரமும் வந்த பின்வாரமும் சேர்த்துக் குறியுங்கள். அப்படிக் குறிக்க ஆரம்பித்ததும்தான் நான் பாதி அழைப்புகளுக்கு மன்னிக்கவும் என்று எழுதப் பழகினேன்.

பட்டறை விஷயம் வேறு. அதைப்பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. இந்தத் துறைக்கென்று பேர்போனது கிளேரியன், 1968ல் பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரியில் ஆரம்பித்தது, இப்போது சான் டியேகோவில். ஆறு வாரம் அங்கேயே தங்கி எழுதவேண்டும், வாத்தியார்கள் மாறி மாறி வருவார்கள். அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1970ல் அதில் மாணவி. வேலை, குழந்தை என்று இருக்கிறவர்களால் ஆறு வாரம் போக முடியாது. ஆனால் அந்த முறையைத்தான் சின்னப் பட்டறைகள் எல்லாம் எடுத்துக்கொண்டிருக்கின்றன: வட்டமாக உட்காருவோம், கதையை முன்பே படித்துவிட்டு வந்திருப்போம், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசுவோம். எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. என் நாகக் கதையில் கிழவி வாசலில் உப்பைக் கொட்டுவதை ஒருவர் சமையல் காட்சி என்று நினைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பாராட்டினார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்து பேசியவரும் சமையல் என்றே சொன்னார். புத்தகத்தோடு நாம் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாதே. அந்தப் பக்கத்தில் இரண்டு வரி மாறியது.

பட்டறை நடத்துவதில் காசும் உண்டு. நூலகம், சமூகக் கல்லூரி, ஆன்லைன் வகுப்பு என்று சொல்லிக்கொடுத்தால் மேஜையில் நின்று சம்பாதிப்பதைவிட நிச்சயமான தொகை வரும். என் செலவில் எடிட்டிங் கட்டணத்தை அதுதான் சுமக்கிறது. வார்த்தைக்கு 2 சென்ட் என்று வைத்துக்கொண்டாலும் 1,20,000 வார்த்தை நாவலுக்கு 2,400 டாலர் ஆகிறது. அட்டை ஓவியம் தனி. ஆடியோ புத்தகம் என்றால் அந்த நாவல் 12, 13 மணி நேரம் ஓடும், வாசிப்பவருக்குப் பதிவாகி முடிந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம். அதை நான் இன்னும் தொடவில்லை.

இந்த இடத்தில் யாராவது ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனை இழுப்பார்கள். 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டரில் (ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டுகிற தளம்) நாலு நாவலை அறிவித்து ஒரே மாசத்தில் 4 கோடியே 17 லட்சம் டாலர் திரட்டினார், 1,85,000 பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். உண்மைதான். ஆனால் அவருடைய முதல் நாவல் 2005ல் பெரிய பதிப்பகம் வழியாக வந்தது. அதற்கு முன் ஹோட்டலில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே வெளிவராத நாவல்களாக எழுதித் தள்ளியவர். ராபர்ட் ஜோர்டான் காலமான பிறகு அவருடைய தொடரை முடித்துக் கொடுத்தவரும் அவரே. கிக்ஸ்டார்ட்டர் நேரத்தில் அவருக்குச் சொந்தக் கம்பெனி, எடிட்டர்கள், கிடங்கு எல்லாம் இருந்தன. தனியாள் சொந்தப் பதிப்புக்கு அதை உதாரணம் காட்டுவது சரியில்லை. அவரிடமிருந்து நமக்கு உருப்படியாகக் கிடைப்பது, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அவர் எடுக்கிற எழுத்து வகுப்புகள். யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. எவரோ ஒருவர் விற்கிற 500 டாலர் கோர்ஸுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துகிற உதாரணம் எஸ்.பி.எஃப்.பி.ஓ. (செல்ஃப்-பப்ளிஷ்டு ஃபேன்டஸி பிளாக்-ஆஃப்). ஃபேன்டஸி எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015ல் தொடங்கிய போட்டி. சொந்தமாக வெளியிட்ட 300 ஃபேன்டஸி நாவல்கள், பத்து விமர்சகர் குழுக்கள், குழுவுக்கு 30. ஒவ்வொரு குழுவும் ஒன்றைப் பொறுக்கி, அந்தப் பத்தையும் எல்லோரும் படித்து மதிப்பெண் போடுவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. ஜோசையா பான்கிராஃப்ட் என்கிற எழுத்தாளர் அதில் ஜெயிக்கவில்லை, ஆனாலும் மார்க் லாரன்ஸ் கண்ணில் பட்டு, அவர் ஊரெல்லாம் சொல்லி, பெரிய பதிப்பகத்துக்குப் போனார். அதற்கு விமான டிக்கெட் தேவைப்படவில்லை.

தலைப்பில் இருக்கிற கேள்வி, எழுதுவது எப்போது? விடிகாலை, பிள்ளைகள் எழுவதற்கு முன். கான் இருக்கிற வாரத்திலும் அதே நேரம், ஹோட்டல் குளியலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, அறைத்தோழி தூங்கும்போது. மத்தியானத்துக்குப் பிறகு எழுதுகிற ஆசையை விட்டுவிட்டேன். விளம்பரம், ஈமெயில், வரி, மூட்டை கட்டுவது எல்லாம் மத்தியானத்துக்கு.

இனி கோவைக்கு வருவோம். விசா எடுத்து, டிக்கெட் போட்டு முதல் நாவலோடு இங்கே வர நினைக்காதீர்கள். அந்தப் பணத்தில் எடிட்டரையும் ஓவியரையும் வையுங்கள், மிச்சத்தில் இரண்டாம் பாகம். கேடிபி கணக்கில் டபிள்யூ-8பென் என்கிற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பும்போது பான் எண்ணைத் தவறாமல் போடுங்கள். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி ராயல்டியில் 30க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். மின்னூல் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால்தான் 70 சதவீத ராயல்டி. இந்தியாவில் விற்கிற பிரதிகளுக்கும் அந்த 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்கிற திட்டத்தில் சேரவேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது. "உங்கள் நாவலை ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று ஈமெயில் வரும், கட்டாயம் வரும். அப்போது எழுத்தாளர்களைக் குறிவைக்கிற மோசடிகளை எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கன்வென்ஷனை ருசி பார்க்கவேண்டும் என்று ஆசையிருந்தால் வேர்ல்ட்கானில் நேரில் வராதவர்களுக்கான உறுப்பினர் வகை உண்டு, சுமார் 50 டாலர். ஹ்யூகோவுக்கு வோட்டும் போடலாம்.