முக்கோணத் துண்டும் கோர்செட்டும்

வணக்கம். எங்கள் கல்லூரி நாடகம் 1370களின் லண்டனில் நடக்கிறது. நாயகிக்கு செயற்கை வெல்வெட்டில் கவுன் தைத்தோம்; கோர்செட்டும் கூம்புத் தொப்பியும் வாங்கியாயிற்று. கவுனின் முன்பக்கத்தைக் கீறி முக்கோணத் துண்டு வைத்த இடம், உச்சியில் சுருங்கிக் கிழிகிறது. கீழ்விளிம்பும் ஏறி இறங்கித் தொங்குகிறது. எங்கே தப்பு?
எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரென்றால் தொப்பியையும் கோர்செட்டையும் கொடுத்துவிடுங்கள். கூம்புத் தொப்பி 15ஆம் நூற்றாண்டின் நடுவில் பர்கண்டி, பிரான்ஸ் சீமாட்டிகள் போட்டது. விறைப்பாக இறுக்கும் உடுப்பு 16ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அதற்காக அதுவரை மார்பைத் தாங்க எதுவுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008இல் கிடைத்த துணிக் குவியலில், கிண்ணம் வைத்துத் தைத்த லினன் உள்ளாடைகள் இருந்தன. அவையும் 15ஆம் நூற்றாண்டுதான். உங்கள் நாயகிக்கு கவுனின் வெட்டும் கயிறும் போதும்.

அந்த வெட்டைக் கண்ணால் பார்க்க வைத்தது கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடைக்கால இடுகாடு. 1921இல் டென்மார்க் தொல்லியலாளர் போல் நோர்லண்ட் அங்கே தோண்டியபோது, பிணங்களைச் சுற்றிய பழைய கம்பளி உடுப்புகள் உறைந்த மண்ணில் கெடாமல் கிடைத்தன. அந்தக் கவுன்களில் இடுப்புத் தையலே கிடையாது. தோளிலிருந்து பாதம் வரை ஒரே ஓட்டம். கீழ் அகலம் பெரும்பாலும் முக்கோணத் துண்டுகள் தருவது.

உங்கள் கிழிசல் துணியிலேயே ஆரம்பிக்கிறது. கீறலின் உச்சியில் தையலுக்கு விட இடமே இருக்காது. வெந்நீரில் மிதித்து இறுக்கிய கம்பளி அங்கே பிரியாது. உங்கள் வெல்வெட் பிரியும். பிரிந்த பகுதியைத் தாண்டிக் கீறலை 2 செ.மீ. மேலே நீட்டத் திட்டமிடுங்கள், ஆனால் இன்னும் வெட்ட வேண்டாம். 5 செ.மீ. சதுர மெல்லிய லைனிங்கை நல்ல பக்கத்தில் வைத்து, புதிய உச்சியைச் சுற்றி ஒடுக்கமான தலைகீழ் ‘வி’யாகச் சின்னத் தையல் போடுங்கள். பிறகு நடுவில் வெட்டி, லைனிங்கை உள்ளே திருப்புங்கள். முக்கோணத் துண்டில் இரண்டு ஓரத்திலிருந்தும் 1 செ.மீ. உள்ளே கோடு போட்டால் அவை சேரும் புள்ளிதான் தொடக்கம். அங்கே ஊசியை இறக்கிக் கீழ்நோக்கித் தையுங்கள். நூலை அறுத்து, மறுபடி அதே புள்ளியிலிருந்து மறுபக்கம். கீழிருந்து மேலே வந்தால் மெஷின் தள்ளிக்கொண்டு வரும் துணியெல்லாம் உச்சியில் சேர்ந்து சுருங்கும். முதல் 5 செ.மீ. கையால் பின்தையல் போடுவதே நிம்மதி.

விளிம்பு தொங்குவது தையல் குற்றமில்லை. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய ஓரம் தன் கனத்திலேயே நீளும். கவுனை ஒரு முழு நாள் தொங்கவிட்டு, நாயகிக்குப் போட்டு, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் குறித்த பிறகே வெட்டி மடியுங்கள்.

முன்பக்கக் கயிற்றை ஷூ லேஸ் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோக்காதீர்கள். ஒரே கயிறு, கீழே முடிச்சு, சுருள் சுருளாக மேலே ஏற வேண்டும். துளைக்குத் துளை 2 செ.மீ.; ஒரு பக்கத்தை மட்டும் 1 செ.மீ. தள்ளிப் போடுங்கள், மேல், கீழ்க் கடைசித் துளைகள் மட்டும் நேருக்கு நேர். எல்லாத் துளையும் நேராக இருந்தால் இறுக்கும்போது ஒரு பக்கம் மேலேறி கழுத்து கோணும். உலோக வளையம் வேண்டாம். குத்தூசியால் இழைகளை விலக்கி, காஜா எடுப்பது போல நூலால் சுற்றுங்கள்.

நாயகி கல்யாணமானவள் என்றால், தொப்பிக்குப் பதில் வெள்ளை லினன் முக்காடும் நாலு குண்டூசியும் போதும்.