வளர்ப்புப் பிள்ளைக்காக நான் பேசலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் 15 வயதுப் பையன் ஒருவன் எங்களிடம் வளர்கிறான். கூட்டாளிகளுடன் கடையில் திருடியதாகக் காவல்துறை அவனை விசாரித்தது, மறுபடியும் கூப்பிடுவார்களாம். பெற்ற தாயல்லாத நான் அவனுக்காகப் பேசலாமா? வழக்கறிஞர் கிடைப்பாரா? (வாசகி, ஈசூன்)

பதில்: அம்மா, தாராளமாகப் பேசலாம். ஆனால் சட்டப்படி நீங்கள் அவனுடைய பாதுகாவலர் அல்லர் என்பதால், உங்கள் வளர்ப்புப் பராமரிப்பு அமைப்பின் சமூக ஊழியரிடம் இன்றே தகவல் சொல்லிவிடுங்கள். பெற்றோருக்குத் தெரிவிப்பதையும் முறையான முடிவுகளையும் அந்த ஊழியர் வழியாகச் செய்வதே சரி.

அடுத்த விசாரணைதான் மிக முக்கியம். 16 வயதுக்குட்பட்டவரைக் காவல்துறை விசாரிக்கும்போது உடனிருக்க, 2017இல் தொடங்கிய திட்டத்தின்படி, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் வருவார். பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா, அவன் பதறுகிறானா என்று அவர் கவனிப்பாரே தவிர, சட்ட ஆலோசனை தரமாட்டார். ஆகவே, வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்போது தான் சொல்லாத ஒரு வரி இருந்தாலும் திருத்தச் சொல்லலாம், அதன் பிறகே கையெழுத்திட வேண்டும் என்பதைப் பையனுக்கு முன்கூட்டியே விளக்குங்கள். பயத்தில் தலையாட்டிவிட்டு வரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதற்காக, என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. நடந்ததை அவன் தன் வாயால் சொல்லட்டும்.

சிறு குற்றங்களில், வழக்குத் தொடுப்பதற்குப் பதிலாக ஆலோசனை அளிக்கும் வழிகாட்டுத் திட்டத்தில் சேர்ப்பதும் உண்டு. வழக்கு வந்தால், 16 வயது நிரம்பாதவர்களைப் பொதுவாக இளையர் நீதிமன்றமே விசாரிக்கும். கூட்டாளிகளில் பெரியவர் ஒருவரும் சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்டால் அது மாறலாம். இளையர் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டைப் பிள்ளைக்குப் புரியும் எளிய மொழியில் நீதிபதி விளக்க வேண்டும். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததன்று. அவனை அடையாளம் காட்டும் செய்தியை வெளியிடவும் தடை உண்டு.

வழக்கறிஞருக்கு, வசதி குறைந்தோருக்கு இலவசச் சட்ட உதவி தரும் ப்ரோ போனோ எஸ்ஜி அமைப்பின் குற்றவியல் சட்ட உதவியை நாடலாம். வருமானம், வழக்கின் தன்மை இரண்டையும் பார்த்தே முடிவெடுப்பார்கள். பராமரிப்பில் வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளிலிருந்தே தனி வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவனுக்காக ஓடியாடும் பெரியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், அவன் பக்கம் மட்டும் நின்று பேசுபவர் ஒருவர் தேவை.

நீதிமன்றம் உத்தரவு பிறப்பிக்குமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைக் கேட்கக்கூடும். பள்ளி வருகை, தூக்கம், சொந்தத் தாயைச் சந்தித்துவிட்டு வரும் நாள்களில் அவன் எப்படி இருக்கிறான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். தேதியோடு எழுதிச் சமூக ஊழியரிடம் கொடுங்கள். இந்த விவகாரத்தால் அவனை வேறு வீட்டுக்கு மாற்றும் பேச்சு எழுந்தால், பிள்ளையின் நலனே தலையாயது என்று பிள்ளைகள், இளையர் சட்டம் கூறுவதைச் சுட்டிக்காட்டி, உங்கள் கருத்தோடு அவனுடைய விருப்பத்தையும் அவன் சொற்களிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.