வாசகர் கேள்வி – பதில்: ஜப்பானிய வாளில் வெட்டிய பெயரை நம்பலாமா?

கேள்வி: பழைய ஜப்பானிய வாள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கொல்லரின் பெயர் கைப்பிடிக்குள் இருக்கும் என்கிறார்கள். எப்படிக் கழற்றிப் பார்ப்பது? துரு இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில்: துருவைத் தொடவே தொடாதீர்கள். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டை ஜப்பானியர் 'நகாகோ' என்கிறார்கள். அதன்மேல் படிந்திருக்கும் கருந்துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. உப்புத்தாள், எலுமிச்சைச் சாறு, துரு நீக்கும் திரவம் எது பட்டாலும் அந்தச் சாட்சி அழிந்துவிடும், வாளின் மதிப்பும் சரிந்துவிடும்.

கழற்றும் முறை இது. வாளை உறையிலிருந்து உருவி மேசைமேல் துணி விரித்து வையுங்கள். கைப்பிடியின் குறுக்கே ஒரு மூங்கில் முளை இருக்கும். அது ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்தில் பித்தளைக் குச்சியை வைத்து மெதுவாகத் தட்டினால் மறுபக்கம் வழியாக வந்துவிடும். பிறகு கைப்பிடியின் கடைக்கோடியை இடது கையில் பிடித்து, நுனி மேல்நோக்கிச் சாய்ந்தும் வெட்டுவாய் உங்களுக்கு எதிர்ப்புறமாகவும் இருக்க, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் குத்துங்கள். அலகு தளர்ந்து கொஞ்சம் எழும்பும். முதல் குத்து இலேசாகவே இருக்கட்டும். பலமாகக் குத்தினால் அலகு எகிறி விழும். முளையை எடுத்த பிறகு வாளை வீசிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பெயர் தெளிவாகத் தெரிகிறது. அசலா போலியா என்று எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயரைத் துணியால் மூடிவிட்டு அலகிலிருந்து தொடங்குங்கள். வளைவு, அகலம், நுனியின் அளவு, மடித்தடித்த எஃகின் இழை, தோய்ச்சல் கோடு (சூடாக்கி நீரில் தோய்த்ததால் வெட்டுவாயோரம் தெரியும் கோடு), அந்தக் கோடு நுனியில் திரும்பும் விதம், இத்தனையும் பார்த்து 'இது எந்தக் காலம், எந்த ஊர்ப் பட்டறை' என்று ஒரு முடிவுக்கு வந்த பிறகே பெயரைப் படிக்க வேண்டும். அலகும் பெயரும் முரண்பட்டால் அலகு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகசோனே கொதெத்சுவை எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) வாள் செய்தவர், அதற்குமுன் கவசம் செய்தவர். 'கொதெத்சு என்று கண்டால் போலி என்று நினை' என்பது ஜப்பானில் பழமொழி போலவே ஆகிவிட்டது. அவர் வேலைசெய்த கன்புன் காலத்து (1661–1673) வாள்களில் வளைவு குறைவு. அடியைவிட நுனிப்பக்கம் நன்றாக ஒடுங்கியிருக்கும். ஆழமாக வளைந்த பழங்கால வாளில் அவர் பெயர் இருந்தால் அது போலிதான், உளித்தடத்தை ஆராய வேண்டிய தேவையே இல்லை.

மறுபக்கத்தில் தேதி வெட்டியிருந்தால் அதையும் சரிபாருங்கள். கன்புன் சகாப்தம் அதன் 13ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. 'கன்புன் 15' என்று ஓர் ஆண்டே கிடையாது. தேதி பெரும்பாலும் 2ஆம் மாதம் அல்லது 8ஆம் மாதம் என்றே இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். அது கொல்லர்களின் மரபு.

கேள்வி: உளித்தடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பெயரை உளிமுனையை நகர்த்தி நகர்த்திச் சுத்தியலால் தட்டித்தான் வெட்டுவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சும் ஒற்றை விளக்கும் போதும். விளக்கைத் தண்டுக்கு ஏறக்குறைய கிடையாக வைத்து, நான்கு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு கோடு என்று நினைத்தது சின்னச் சின்ன முக்கோணப் பள்ளங்களின் வரிசையாகத் தெரியும். ஆயிரம் முறை தன் பெயரை வெட்டிய கைக்கு ஒரு வேகம் உண்டு. பள்ளங்கள் ஒரே இடைவெளியில் ஓடும். திருப்பத்தில் தயக்கம் இருக்காது. பார்த்து வெட்டியவனுக்கு எழுத்தின் வடிவம் வந்துவிடும், வேகம் வராது. தட்டுகள் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் விழுந்திருக்கும்.

அடுத்தது வரம்பு. உளி இறங்கும்போது எஃகு இருபுறமும் பிதுங்கி மெல்லிய வரம்பாக நிற்கும். ஜப்பானியர் இதை 'உளியின் தலையணை' என்கிறார்கள். கைப்பிடிக்குள் போய் வந்து போய் வந்து, நூற்றாண்டுகளில் அது மழுங்கும். தண்டு முழுக்கத் தேய்ந்து வழுவழுப்பாக இருக்க, எழுத்தோரம் மட்டும் நகத்தில் சுரண்டுகிறது என்றால் பெயர் பிந்தி வந்தது. ஆனால் தண்டு முழுவதுமே புத்தம் புதிதாகப் பேணப்பட்டிருந்தால் வரம்பு கூர்மையாக இருப்பதில் தவறில்லை.

பள்ளத்தின் அடியில் உள்ள துருவும் சுற்றியுள்ள துருவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வெளியே கறுப்பும் உள்ளே செம்பழுப்புமாக இருந்தால் எச்சரிக்கை. அமிலம் பூசி ஏற்றிய துருவுக்கு ஆழம் இருக்காது. எங்கும் ஒரே சாயம் அடித்ததுபோல் மங்கலாகத் தெரியும்.

ஒப்பிடப் புகைப்படம் மட்டும் போதாது. லென்ஸ் கோணத்தை மாற்றிவிடும். வாஷி என்னும் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைத் தண்டின்மேல் அசையாமல் பிடித்து, மெழுகு கலந்த கருங்கட்டியால் தேய்த்தால் பெயர் அசல் அளவில் பதியும். அதே கொல்லரின் அதே ஆண்டுகளைச் சேர்ந்த ஐந்தாறு பதிவுகளோடு ஒப்பிடுங்கள். உளி எங்கே இறங்கியது, எத்தனை தட்டு, எந்தத் திசை, முதுகு விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரே கொல்லரின் இரண்டு கையொப்பங்கள் வேறு வேறாக இருக்கின்றன. ஒன்று போலிதானே?

பதில்: அவசரப்பட வேண்டாம். கொதெத்சு தன் பெயரில் வரும், 'புலி' என்று பொருள்படும் எழுத்தை முதலில் கடைசிக் கோடு மேலே துள்ளும்படி வெட்டினார். 1664 வாக்கில் அடிப்பகுதி பெட்டிபோல் இருக்கும் வடிவத்துக்கு மாறினார். ஒசாகாவின் சுகெஹிரோ 1674இல் கட்டை எழுத்தை விட்டு ஓட்டெழுத்துக்கு வந்தார். அதனால் எழுத்து வடிவமும் வாளின் தேதியும் பொருந்துகின்றனவா என்பதுதான் கேள்வி. ஆசிரியரின் அனுமதியோடு மாணவர் செய்து, ஆசிரியர் பெயரை மாணவரே வெட்டிய வாள்களும் உண்டு. அவற்றைப் போலி என்று தள்ளக் கூடாது.

பக்கமும் முக்கியம். வெட்டுவாய் மேல்நோக்கி இடுப்பில் செருகும் கத்தானாவில், அணியும்போது வெளிப்புறம் தெரியும் பக்கத்தில் பெயர் இருக்கும். ஹிசென் என்ற பழைய ஜப்பானிய மாகாணத்தின் ததயோஷி கொல்லர் வழியினர் நீண்ட வாள்களில் எதிர்ப்பக்கத்தில் வெட்டுவது வழக்கம். இது தெரியாமல் நல்ல ததயோஷியைப் போலி என்று ஒதுக்குபவர்களும் உண்டு, பிழையான பக்கத்தில் வெட்டி மாட்டிக்கொண்ட போலியாளர்களும் உண்டு.

கேள்வி: வாளைப் பிற்காலத்தில் குட்டையாக்கியிருக்கிறார்கள் என்கிறார் விற்பவர். பெயர் முழுசாக இருக்கிறதே?

பதில்: அங்கேதான் நிதானிக்க வேண்டும். வாளைக் குறைப்பவர்கள் நுனியை விட்டுவிட்டுத் தண்டின் அடியைத்தான் வெட்டுவார்கள். பிறகு அலகின் கீழ்ப்பகுதியை அரத்தால் ராவிப் புதுத் தண்டாக்குவார்கள். ஆகவே பழைய பெயர் புதுத் தண்டின் அடிக்குத் தள்ளப்படும். கடைசி எழுத்து அறுந்து போயிருக்கலாம், மூங்கில் முளைக்காகப் போட்ட புதுத் துளை பெயரின் நடுவே போயிருக்கலாம். இவை நல்ல அறிகுறிகள். குட்டையாக்கிய வாளில் பெயர் தண்டின் நட்டநடுவே, ஓர் எழுத்தும் சிதையாமல் அழகாக அமர்ந்திருந்தால் அது பிறகு வெட்டியது. அரத்தடம் எது, உளித்தடம் எது, எதன்மேல் எது ஏறியிருக்கிறது என்று பாருங்கள். குறைத்தபோது போட்ட புது அரத்தடத்தை உளி வெட்டிக்கொண்டு போனால் பெயர் அதற்கும் பிந்தியது.

பழைய பெயரைக் காப்பாற்ற, அந்தத் துண்டை மடித்துப் பதிப்பதும் (அப்போது எழுத்து மறுபக்கத்தில் தலைகீழாக நிற்கும்), அறுத்தெடுத்துச் சட்டம்போல் பொருத்துவதும் உண்டு. இந்த வழியே ஏமாற்றுக்கும் பயன்பட்டது. பெயருள்ள அசல் தண்டை வேறொரு அலகோடு ஒட்டவைத்தால், உளித்தடத்தில் குறையே தெரியாது. அலகும் தண்டும் சேரும் இடத்தில், அங்கே அலகைச் சுற்றியிருக்கும் உலோகப் பட்டைக்குக் கீழே, துருவின் நிறமும் எஃகின் இழையும் திடீரென்று முறிகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: ஜப்பானியப் பதிவுச் சீட்டில் அந்தப் பெயர் எழுதியிருக்கிறது. போதாதா?

பதில்: போதாது. அது வாளை வைத்திருப்பதற்கான சட்டப் பதிவு. நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, கண்ணில் பட்ட பெயர் ஆகியவற்றை அப்படியே குறித்திருப்பார்கள், அவ்வளவுதான். பெயரைத் தீர்மானித்துச் சான்று தருவது 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள். பெயர் போலி என்று கண்டால் சங்கம் சான்று தராமல் வாளைத் திருப்பிவிடும்.

கேள்வி: அப்படித் திரும்பி வந்துவிட்டது. பெயரை அழித்துவிடலாமா?

பதில்: அலகு நன்றாக இருந்தால், போலிப் பெயரை நீக்கி, பெயரில்லாத வாளாக மீண்டும் சமர்ப்பிப்பது ஜப்பானில் நடப்பதுதான். ஆனால் அழித்தால் அழித்ததுதான். ஒரு கருத்தை மட்டும் கேட்டு இறங்காதீர்கள். முதலில் அளவும் தேய்ப்புப் பதிவும் எடுத்து வையுங்கள். வேலையைப் பயின்ற வாள்கொல்லரிடமே ஒப்படைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கொதெத்சு பெயரைப் போலியாக வெட்டியதில் பேர்போன கஜிஹெய், தான் வெட்டியவற்றின் பதிவுகளை விட்டுச் சென்றிருக்கிறார். உங்கள் வாளின் எழுத்து அவற்றோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு அரத்தை எடுக்கச் சொல்லுங்கள்.