பாலாறு முதல் பள்ளிக்கரணை வரை: சுற்றுச்சூழல் சட்டம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பெரம்பூர்): வளர்ச்சியா, இயற்கையா என்று வரும்போது நம் சட்டம் எதன் பக்கம் நிற்கிறது?

பதில்: ஒன்றுக்காக மற்றதைக் கைவிடச் சட்டம் சொல்லவில்லை. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், தீங்கு முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆற்றுக்காக 2025-இலும் அதே நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததுதான் என்னை வருத்துகிறது. நம்மிடம் குறைவாக இருப்பது சட்டமன்று, அனுமதி தந்தபின் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பு.

கேள்வி (வேளச்சேரி): உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்ததால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் காப்பாற்றப்பட்டுவிட்டதா?

பதில்: அந்தப் பட்டியல் தருவது உலக அங்கீகாரம். ஆக்கிரமிப்பையும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் தடுப்பவை 2017-ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள். எல்லையும், அதைச் சுற்றியுள்ள தாக்கப் பகுதியும் (அங்கு நடப்பவை சதுப்புநிலத்தைப் பாதிக்கக்கூடிய பகுதி) சர்வே எண்களோடு தெளிவாக இருந்தால்தான் அவ்விதிகள் களத்தில் பயன்படும்.

கேள்வி (எண்ணூர்): புதிய திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் பேசுவதால் ஏதேனும் மாறுமா?

பதில்: மாற வாய்ப்புண்டு, பேசுவது பதிவானால். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்கள் எழுப்பும் முக்கியமான கவலைகளுக்கு திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் பதிலளித்து, தன் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் திருத்த வேண்டும். ஆகவே 'திட்டம் வேண்டாம்' என்பதோடு நிறுத்தாமல், முகத்துவாரம் எந்த மாதங்களில் தூர்ந்துபோகிறது, எவ்விடத்தில் வலை போடுகிறீர்கள், சாம்பல் கழிவு எந்த ஓடையில் படிகிறது என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றைச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும்; உங்கள் ஆட்சேபம் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். அதன் பிறகும் அனுமதி வழங்கப்பட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள்வரை அவகாசம் கிடைக்கும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே, சேப்பாக்கத்தில் இருக்கிறது.