பாதி விலைப் பிறேக் பாட் போடலாமா?

கேள்வி: என் பழைய ஜப்பான் காருக்கு முன் பிறேக் பாட் மாற்ற வேண்டும். கராச்சில் கம்பனிப் பாட்தான் போடச் சொல்கிறார்கள், வவுனியாக் கடையில் வேறு பெயரில் பாதி விலைக்கு இருக்கிறது. எதை வாங்க?
– வாசகர், மாங்குளம்

பதில்: கம்பனிப் பெட்டியில் வருவதையெல்லாம் கார் கம்பனியே செய்வதில்லை. பெரும்பாலும் பிறேக் பாகங்கள் செய்கிற வேறு நிறுவனம் செய்து கொடுக்கிறது, அதே நிறுவனம் தன் பெயரிலும் பாட் விற்கும், விலையும் குறைவு. அதனால் வெளிப் பாட் என்றாலே கூடாது என்று சொல்லமாட்டேன். பெயரே தெரியாத பெட்டிதான் பயம்.

பாட்டின் இரும்புத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும், பக்கத்தில் '90ஆர்' (90R) என்று தொடங்கும் எண்ணும் இருந்தால், அது மாற்றுப் பிறேக் பாகங்களுக்கான ஐ.நா. விதியான ஆர்90 படி சோதித்தது. பிடிப்பு கம்பனிப் பாட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதி. (போலிப் பெட்டியிலும் அச்சடிப்பார்கள், ஆகவே தெரிந்த கடையிலேயே வாங்குங்கள்.)

உங்கள் பக்கத்துக் கிரவல் றோட்டில் தூசும் மணலும் எந்தப் பாட்டையும் கெதியாகத் தின்றுவிடும். நானென்றால் நல்ல பெயருள்ள வெளிப் பாட்டை வாங்கி, தேயும் பகுதியின் தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறைய முன்னரே மாற்றிவிடுவேன், அதுவும் இரண்டு சில்லுக்கும் சேர்த்து. அப்புறம், போட்ட அன்றே ஏ9 வீதியில் பறக்க வேண்டாம். முதல் 200, 300 கிலோமீற்றருக்கு மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள்.