நாலரைக் கிலோ – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இசைக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவன். வயது 46. இருபது வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். மேடைக்காரன் அல்ல. வேலை முடிந்து வந்தால் இரவில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஏழு வாரத்துக்கு முன் இடது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண் கிழிந்திருந்தது, தைத்திருக்கிறார்கள். போன வாரம்தான் கையைத் தாங்கிய ஸ்லிங்கைக் கழற்றச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது லெஸ் பால் வகைக் கிட்டார், நாலரைக் கிலோ. ஞாயிறன்று அதை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்று வாசித்தேன். அன்றிரவு தூங்க முடியவில்லை.

இரண்டு கிலோவை ஒட்டி ஹெட்லெஸ், அதாவது தலையில்லாத கிட்டார்கள் வருகின்றன. அதை வாங்கலாமா, அல்லது எஸ்ஜி மாடல் வாங்கலாமா, இல்லை இஎஸ்-335 மாடல் போல உள்ளே குடைவானதா? எடை குறைந்தால் நாதமும் மெலிந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். பழையதை விற்கவும் மனம் வரவில்லை, மகள் அதில்தான் பழகுகிறாள். டாக்டரிடம் கிட்டாரைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்த வயதில் இதுவும் ஒரு கவலையா என்று நினைத்துவிடுவார். என் கிட்டாருக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பால், தன் முழங்கையையே கிட்டாருக்காக வளைத்து வைக்கச் சொன்னவர். நான் ஒரு பட்டையின் கனத்தைத் தாங்கமாட்டேனா என்றும் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம், அக்கா.)

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பதறினேன், இரண்டாம் முறை கோபம் வந்தது. ஏழாவது வாரத்தில், தைத்த தோளிலேயே நாலரைக் கிலோவைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். வலது கையால் மீட்டுகிறவர்களுக்குப் பட்டை விழுவது இடது தோளில்தான் என்று இருபது வருடம் வாசித்தவருக்கு நான் சொல்ல வேண்டுமா? கிழிந்த தசைநாணைத் தைத்து எலும்போடு சேர்த்தால், அது ஒட்டி உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஸ்லிங்கைக் கழற்றச் சொன்னது கையை மெல்ல அசைத்துப் பழகத்தான். சுமக்க அனுமதி அதில் இல்லை. அந்த வலி இன்னும் இருக்கிறதா? ஞாயிற்றுக்கு முன்பு தூக்க முடிந்த உயரத்துக்குக் கை இப்போது எழவில்லையா? அப்படியானால் அடுத்த பரிசோதனை நாள் வரை இருக்காதீர்கள், இன்றே போய்க் காட்டுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாதம் மெலிந்துவிடும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வருவது, அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு மேல் அதிரும் தந்தியும், அதற்குப் பின்னால் இருக்கும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்), உங்கள் விரலும். மரத்தைப் பற்றிய வழக்கை நல்ல தோள் உள்ளவர்கள் நடத்திக்கொள்ளட்டும். உங்களுக்கு இப்போது அதற்கு நேரமில்லை.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிலோக் கணக்கு பாதி உண்மைதான் சொல்லும், அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் மீதி. எஸ்ஜி மெல்லிய உடம்பு, பெரும்பாலும் மூன்று கிலோவை ஒட்டித்தான் வரும். ஆனால் உடல் லேசானதால் நெக், கிட்டாரின் கழுத்து, கீழே சாயப் பார்க்கும். சாயும் நெக்கை வாசிக்கிறவர் தன்னையறியாமல் இடது கையால் தாங்கிக்கொண்டே இருப்பார். உங்கள் அறுவை எந்தத் தோளில்? அதனால் எஸ்ஜி வேண்டாம். 335 வகை 40 சென்டிமீட்டர் அகலம், உள்ளே நடுவில் ஒரு மரக்கட்டையும் ஓடுகிறது, குடைவானது என்ற பெயருக்கு ஏற்ற லேசு அதில் கிடையாது. அதையும் விடுங்கள். 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையில்லாத பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தபோது பலருக்கு அது விசித்திரமாகத்தான் தெரிந்தது. ஆனால் நெக்கின் நுனியில், தோளிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும், தந்தியை முறுக்கும் டியூனர்களை எடுத்து உடலின் கடைசி விளிம்பில் வைத்துவிட்டால் சாய்வதற்கு அங்கே என்ன மிச்சம்? ஹெட்லெஸ்தான் உங்களுக்குச் சரி. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

டாக்டரிடம் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே லெஸ் பாலைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது கை நிற்கவில்லையா?

அந்தக் கதையை முழுவதும் சொல்கிறேன். 1948 ஜனவரியில் ஓக்லஹோமாவில் பனி உறைந்த சாலையில் கார் வழுக்கி விபத்து. லெஸ் பாலின் வலது கையும் முழங்கையும் நொறுங்கிப்போயின. முழங்கை இனி மடங்காது, எந்தக் கோணத்தில் வைத்துப் பூட்டுகிறோமோ அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும் என்ற நிலை. அப்போது அவர் மருத்துவர்களிடம் தான் கிட்டார் வாசிப்பவன் என்பதைச் சொல்லி, கிட்டாரை அணைத்துத் தந்தியை மீட்டுகிற கோணத்தில் கையை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் இதை வைராக்கியத்தின் கதையாகவே சொல்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று எனக்கு அதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. அந்த மனிதர் சொன்னார். என் கை இந்த வேலை செய்கிற கை என்று, கத்தியை எடுக்கப்போகிறவரிடம் நேரில் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கை வேறு ஏதோ கோணத்தில் நின்றிருக்கும். அதன் பிறகும் அவர் ஏழாவது வாரத்தில் எழுந்து நின்று வாசிக்கவில்லை. தேறி வர ஒன்றரை வருடம் போல ஆனது. அவர் பெயரைத் தாங்கிய கிட்டார் கடைக்கு வந்தது 1952இல். நீங்கள் அவர் பெயரைச் சொல்லி அந்தக் கிட்டாரையே தைத்த தோளில் மாட்டியிருக்கிறீர்கள்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் அப்படித்தான். 1928இல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல்கள் சுருண்டுபோயின. மருத்துவமனையில் கிடந்த காலமும் ஒன்றரை வருடத்தை ஒட்டி. நாம் அந்த இரண்டு விரல் வாசிப்பைக் கேட்கிறோம், அந்தப் பதினெட்டு மாதத்தைக் கேட்பதில்லை.

என் கோபத்துக்குக் காரணம் உங்களிடம் மட்டும் இல்லை தம்பி. இதை நான் எழுதியதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் எனக்குக் கருப்பையை எடுத்தார்கள். அடிவயிற்றில் குறுக்காக ஒரு சாண் நீளத்துக்குத் தையல். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது என்று இருந்தது. கனம் என்றால் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை என்று நானாக எடுத்துக்கொண்டேன். கிட்டாரைக் கனம் என்று நினைக்க எனக்குத் தோன்றவேயில்லை. அது என் கையின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம், கட்டிலுக்கு அடியில் இருந்த கடினப் பெட்டியைக் குனிந்து இழுத்தேன். பெட்டியும் கிட்டாருமாகச் சேர்ந்து எட்டுக் கிலோ இருக்கும். திறந்து, கிட்டாரை எடுத்து மடியில் வைத்தேன். பலகையை அறுத்தது போலத் தட்டையான உடல் அதற்கு. அதன் பின்விளிம்பு சரியாகத் தையலின் மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு பாட்டு முழுவதும் வாசித்தேன். எழுந்தபோது உடையில் ஈரம்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எதைத் தூக்கினீர்கள் என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் ஒன்றுமில்லை என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, தையல் காய்வதற்குள் கிட்டாரை எடுத்தாள் என்று சொல்ல வெட்கம். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, இந்த வயதில் இதுவும் ஒரு கவலையா என்று. அதே வெட்கம்தான். அதனால்தான் உங்கள் கடிதத்தை எடுத்து வைக்க முடியவில்லை.

இன்னும் ஒரு மாதம் படுத்தேன். பிறகு போன பிசியோதெரபிஸ்ட், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், முதல் நாளே கேட்டாள், நாள் முழுக்க கையும் உடம்பும் என்ன செய்யும் என்று. அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த முறை எடுத்து வாருங்கள் என்றாள். எடுத்துப்போனேன். நாற்காலியில் உட்காரவைத்து நான் பிடிப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாள். ஒரு துண்டை நான்காக மடித்து வயிற்றுக்கும் கிட்டாருக்கும் நடுவில் வைத்தாள். இடது காலுக்கு அடியில் ஒரு சிறு பலகையை நகர்த்தி, கிட்டாரை வலது தொடையிலிருந்து இடது தொடைக்கு மாற்றி, நெக்கை மேலே தூக்கிவிட்டாள். விளிம்பு தையலை விட்டு விலகியது. அவ்வளவுதான் செய்தாள். கிட்டார் வாசிக்கத் தெரியாத பெண் அவள்.

சொன்னதால் நடந்தது அது. கிட்டாரின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் கிட்டார் சதுர விளிம்போடுதான் வந்தது. அதை வாசித்தவர்கள் விலா எலும்பில் குத்துகிறது என்று குறை சொன்னார்கள். பில் கார்சன் என்ற கலைஞர் அவர்களில் ஒருவர். 1954இல் அதே கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது அதன் முதுகில் வயிற்றுக்கு ஒரு பள்ளமும், முன்பக்கம் முன்கை சாய ஒரு சரிவும் இருந்தன. இன்று எத்தனையோ கிட்டார்களுக்கு அந்தப் பள்ளம் உண்டு. யாரோ சிலர் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதால் வந்த பள்ளம் அது. அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்திருந்தால் நாமும் இன்று பலகையைத்தான் கட்டிக்கொண்டிருப்போம்.

ஆகவே சொல்லுங்கள். தோளில் அறுவை செய்தவரிடம் போய், நான் கிட்டார் வாசிப்பவன், இடது கை இப்படி முன்னால் நீண்டு, மணிக்கட்டு மடங்கி, ஒரு மணி நேரம் இருக்கும் என்று நடித்துக் காட்டுங்கள். எத்தனை கிலோ, எத்தனை நிமிடம், எந்த வாரத்திலிருந்து என்று கேளுங்கள். ‘லேசான வேலை செய்யலாம்’ என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அவருக்கு லேசு என்றால் பேனா, உங்களுக்கு லேசு என்றால் கிட்டார். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். லெஸ் பாலின் மருத்துவர்கள் என்ன நினைத்தார்களோ, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அனுமதி கிடைத்த பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டையே வேண்டாம், உட்கார்ந்து வாசியுங்கள், நெக் மேல்நோக்கி இருக்கட்டும். முழங்கை உடம்பை ஒட்டி இருந்தால் தோளுக்கு வேலை குறையும். நெக்கின் நுனியில் இருக்கும் முதல் ஃபிரெட் (கட்டை) வரை கையை நீட்டுவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எல்லாத் தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போடுங்கள், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி அது. சுருதி மாறாது, கை ஏழு சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடும், இழுவிசையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி விரல் நுனிகளை இழந்தபோது கடையில் மெல்லிய தந்தி கிடைக்காமல் பேஞ்சோத் தந்தியைப் போட்டார். நமக்கு இன்று 0.009 அங்குலத் தந்தி எளிதாகக் கிடைக்கிறது. 0.010 போட்டிருந்தால் மாற்றுங்கள், முதல் தந்தியில் மட்டும் இழுவிசை 19 சதவீதம் இறங்கும். ஸ்கேல், அதாவது தந்தி அதிரும் நீளம், 648 மில்லிமீட்டரை விட 610 உங்களுக்கு நல்லது.

கிட்டாரைச் சுவரில் மாட்டாதீர்கள். மேலே கையை உயர்த்தி எடுப்பதுதான் அந்தத் தோளுக்கு ஆகாத காரியம். இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டாண்ட் போதும். ஆம்பைத் தொடவே தொடாதீர்கள், வால்வ் ஆம்புகளில் சில 20 கிலோவைத் தாண்டும். வாங்கப் போகும்போது விளம்பரத்தில் போட்ட எடையை நம்ப வேண்டாம், ஒரே மாடலில் இரண்டு கிட்டார்களுக்கு அரைக் கிலோ வித்தியாசம் இருக்கும். எடை பார்க்கும் இயந்திரத்தில் கிட்டாரோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை வேறு யாரையாவது ஏறி நிற்கச் சொல்லுங்கள். பிறகு அவரையே கிட்டாரை மாட்டிக்கொண்டு இடது கையை நெக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நெக் இறங்கினால் அந்தக் கிட்டார் உங்களுக்கு இல்லை.

பழையதை விற்பதா என்று கேட்டீர்கள். மகள் அதில் பழகுகிறாள் என்று நீங்களே எழுதிவிட்டு எதற்கு இந்தக் கேள்வி? அது இனி அவளுடையது.

பரிசோதனைக்கு அவளையும் கூட்டிப்போங்கள். கிட்டார் பெட்டியை அவள் தூக்கிவரட்டும். நீங்கள் டாக்டர் அறைக் கதவை வலது கையால் திறந்துவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். எந்த மாடல் என்று அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அக்கா